அலை கேள்வி–பதில்: பெசன்ட் நகரில் சர்ஃபிங்

கேள்வி: ஆப்பில் ‘அலை 1 மீட்டர்’ என்று போட்டிருந்த இரண்டு நாளும் எலியட்ஸ் கடற்கரைக்குப் போனேன். ஒரு நாள் கடல் வெறுமனே கலங்கிக் கிடந்தது. மறுநாள் போர்டோடு தூக்கி மணலில் அறைந்துவிட்டது. உயரம் ஒன்றுதானே? – வாசகர், வேளச்சேரி

பதில்: உயரத்துக்குப் பக்கத்தில் விநாடிக் கணக்கு ஒன்று இருக்குமே, அதையும் பாருங்கள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி அது. 5, 6 விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய அலை; வலு இருக்காது. 14 விநாடி என்றால் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கிளம்பிப் பல நாள் ஓடி வந்தது. ஆழம் குறையக் குறைய இது இன்னும் எழும்பும். ஈ.சி.ஆர். கோவளத்தில் கரை முனையாக நீட்டிக்கொண்டிருப்பதால் அலை ஓரத்திலிருந்து உடைந்துகொண்டே போகும். பெசன்ட் நகர்க் கரையோ நேர்கோடு. பெரிய அலை வந்தால் முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் மடிந்து விழும்.

மணலில் அறைந்ததற்கு ஏற்றமும் (கடல்மட்டம் உயரும் நேரம்) காரணமாக இருக்கலாம். 1 மீட்டர் அலை ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் உடையும். தண்ணீருக்கடியில் இருக்கும் மணல்திட்டின் மேல் ஆழம் அதைவிடக் கூடிவிட்டால் அங்கே உடையாமல் நேரே கரைக்கு வந்துதான் விழும். ஆரம்ப நிலையில் அரை முதல் முக்கால் மீட்டர், 8–10 விநாடி, நடுத்தர ஏற்றம் போதும். காலை 6 முதல் 9 வரை நிலத்திலிருந்து வீசும் காற்று அலையின் முகத்தை வழவழப்பாக்கும். நண்பகலை நெருங்கும்போது கடற்காற்று ஏறிவிட்டால் கரையேறிவிடலாம். கடல் தகவல் மையமான இன்காய்ஸ் ‘கள்ளக்கடல்’ (தொலைவிலிருந்து வந்து திடீரென எழும் பேரலை) எச்சரிக்கை விட்ட நாளில் இறங்கவே வேண்டாம்.

கேள்வி: மார்ச்சில் அருமையாக உடைந்த இடம் இப்போது காணோமே? – வாசகி, திருவான்மியூர்

பதில்: மணல்திட்டு நகர்ந்திருக்கும். தென்மேற்குப் பருவத்தில் கரையோர மணல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். அதனால் போன முறை நின்ற இடத்தை நம்பாதீர்கள். மேட்டில் நின்று 15 நிமிடம் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வெள்ளை நுரை கிளம்பினால் அங்கே திட்டு. இரண்டு நுரைகளுக்கு நடுவே அலை உடையாமல் கறுத்து, சாதுவாகத் தெரியும் இடைவெளிதான் ஆளைக் கடலுக்குள் இழுக்கும். புதியவர்கள் ஏமாறுவது அங்கேதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். போர்டை விடாமல் அதன் மேல் படுத்து, கரைக்கு இணையாக நுரை இருக்கும் பக்கம் துழாவுங்கள். போர்டை இழந்தால் பிழைப்பது கஷ்டம் என்பதால், போர்டைக் காலோடு கட்டும் கயிறான லீஷின் வெல்க்ரோவில் மணல் ஏறிப் பிடி தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: மழை விட்ட மறுநாள் இறங்கலாமா? – வாசகர், அடையாறு

பதில்: கூடாது. அடையாறு முகத்துவாரம் எலியட்ஸுக்கு வடக்கே இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும்போது ஆற்றுச் சாக்கடை நேரே உங்களிடம்தான் வரும். காது, கண், வயிறு மூன்றுக்கும் கேடு. குறைந்தது 3 நாள் பொறுங்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் பழுப்பாக இருந்தால் திரும்பிவிடுங்கள்.