ஸ்மைலா, லாஃபா? சிரிப்புக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். வாடிக்கையாளர் என்னைப் பார்த்துச் சிரித்து வரவேற்றார் என்பதைப் பயண அறிக்கையில் ‘ஹி லாஃப்ட் அட் மீ’ என்று எழுதினேன். அங்கே என்ன அவமானம் நேர்ந்தது என்று மேலாளர் பதறிவிட்டார். பிறகு அகராதியைப் பார்த்து ‘ஸ்மர்க்ட்’ என்று மாற்றினேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. எதை எங்கே எழுத வேண்டும்?

பதில்: தமிழில் ‘சிரி’ என்ற ஒரே வினை ஓசையுள்ள சிரிப்புக்கும் ஓசையற்ற சிரிப்புக்கும் பொதுவாக நிற்கிறது, களுக்கென்று, குபீரென்று, விழுந்து விழுந்து என முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து வகையைக் காட்டிவிடுகிறோம். ஆங்கிலமோ அந்த வகையைப் பெரும்பாலும் வினைக்குள்ளேயே வைத்துவிடுகிறது. ஆகவே எழுதுமுன் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, சத்தம் வந்ததா என்பதுதான். வரவில்லையென்றால் ஸ்மைல், வந்தால் லாஃப். நம் ‘சிரித்த முகம்’ ஆங்கிலத்தில் எப்போதும் ஸ்மைல்தான்.

உங்கள் முதல் வாக்கியத்தைக் கெடுத்ததில் ‘அட்’ என்ற சிறு சொல்லுக்கும் பங்குண்டு. ‘ஸ்மைல்ட் அட் மீ’ என்றால் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அதில் குறையேதும் இல்லை. அதே ‘அட்’ லாஃபுக்குப் பின்னால் வந்து, அடுத்து நிற்பது ஓர் ஆளாகவும் இருந்துவிட்டால், அது பெரும்பாலும் கேலியாகிவிடும். நகைச்சுவைத் துணுக்கைக் கேட்டுச் சிரிப்பதற்கு ‘லாஃப் அட்’ தாராளமாகப் பொருந்தும். ஒருவரோடு சேர்ந்து சிரித்ததைச் சொல்ல ‘லாஃப் வித்’ என்று எழுதுங்கள்.

ஸ்மர்க்கின் கதை சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச் சொல்லுக்கு வெறுமனே ‘புன்னகை செய்’ என்றுதான் பொருள். ஏறத்தாழ 1300ஆம் ஆண்டையொட்டி ஸ்மைல் என்ற சொல் வழக்கிற்கு வந்து நல்ல பொருளை எடுத்துக்கொள்ள, ஸ்மர்க்குக்கு எஞ்சியது தற்பெருமை கலந்த சிரிப்பு. உதட்டின் ஒரு மூலை மட்டும் மேலேற, ‘வசமாக மாட்டிக்கொண்டாயா’ என்பதுபோல் ஒருவர் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் ஸ்மர்க். நம் நமட்டுச் சிரிப்பு இதற்கு அருகில் வரும், ஆனால் முற்றிலும் அதுவன்று. நமட்டுச் சிரிப்பில் குறும்பு மட்டுமே இருக்கவும் கூடும். ஒத்த சொற்களை வரிசையாகத் தரும் அகராதிகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் குறை.

கிரின் என்பது பல் தெரிய, வாய் விரியச் சிரிப்பது. அதைப் ‘பல்லிளித்தல்’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. தமிழில் அது வசை, ஆங்கிலத்தில் கிரின் பெரும்பாலும் மகிழ்ச்சியே. தனக்குள் மெல்லச் சிரித்துக்கொள்வது சக்கிள். அடக்க முடியாமல் களுக்களுக்கென்று வருவது கிகிள். கிகிள் சிறுபிள்ளைத்தனத்தை நினைவூட்டும் என்பதால், மூத்த அதிகாரி ஒருவரைப் பற்றிய அறிக்கையில் அதை நான் எழுதமாட்டேன். ஸ்னிகரும் ஸ்னியரும் ஏளனச் சொற்கள்; படிக்கும்போது புரிந்தால் போதும். மகிழ்ச்சி பொங்கச் சிரிப்பதைக் குறிக்கும் சார்ட்டில் என்ற சொல், ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோல் 1871இல் வெளிவந்த தம் நூலுக்காகச் சக்கிளையும், மூக்கால் சீறுவதைச் சொல்லும் ஸ்நார்ட்டையும் ஒட்டிச் செய்தது. கதைக்கு அழகு, அலுவலகத்துக்கு வேண்டாம்.

குபீரென்று சிரித்ததை எழுதும்போது ஒன்றில் கவனமாக இருங்கள்: ‘பர்ஸ்ட் அவுட் லாஃபிங்’ அல்லது ‘பர்ஸ்ட் இன்டு லாஃப்டர்’. இரண்டையும் கலந்து ‘பர்ஸ்ட் இன்டு லாஃபிங்’ என்று எழுதுவது நம்மவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

உங்கள் அறிக்கைக்கு ‘ஹி கிரீட்டட் மீ வித் எ ஸ்மைல்’ போதும். ‘வார்ம்’ என்ற அடைமொழியை ஸ்மைலுக்கு முன்னால் சேர்ப்பதானால், அவர் உண்மையிலேயே அன்பாக வரவேற்றிருக்க வேண்டும்.