தடைக்காலம் முடியுமுன் படகில் ஒரு நாள் பயிற்சி

கேள்வி: நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். எட்டுப் பேர் தங்குகடலுக்கு (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க) போகிறார்கள், அதில் மூன்று பேர் தொழிலுக்குப் புதிது. லைஃப் ஜாக்கெட் வாங்கி வைத்தும் யாரும் போடுவதில்லை. பாதுகாப்புப் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் படகிலிருந்தே தொடங்குங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பழுது பார்த்துப் படகைத் தண்ணீரில் இறக்கியதும், முதல் பயணத்துக்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். அன்றைக்குத் தினப்படி கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

முதலில் ஆள் தண்ணீரில் விழுவது. புயலில் மட்டுமல்ல, ராத்திரி பின்பக்கம் சிறுநீர் கழிக்கப் போகும்போதும் விழுகிறார்கள். அந்த இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் விளக்கும் வையுங்கள். மடி (இழுவலை) இழுக்கும்போது படகு மூன்று நாட் (மணிக்குச் சுமார் ஐந்தரை கிலோமீட்டர்) வேகத்தில் போனாலே, ஒரு நிமிடத்தில் விழுந்தவர் 90 மீட்டர் பின்தங்கிவிடுவார். மடி தண்ணீரில் கிடக்கையில் சட்டென்று திருப்பவும் முடியாது. அதனால் பார்த்தவர் உடனே கத்த வேண்டும், லைஃப் பாயை (மிதவை வளையத்தை) வீச வேண்டும், ஒருவர் விழுந்தவரைக் கையால் சுட்டிக்காட்டியபடி கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். முக்கால்வாசி தண்ணீர் நிரப்பிய கேனைத் தூக்கிப் போட்டு இதைப் பழகுங்கள். ஆள் பக்கத்தில் வந்ததும் டிரைவர் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். புரொப்பெல்லர் ஆளை விடாது.

அப்புறம் மேலே ஏற்றுவது. நனைந்த ஆளைக் கையைப் பிடித்துத் தூக்கிவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். பழைய வலைத் துண்டின் ஒரு விளிம்பைப் படகில் கட்டி, மறு விளிம்பை அவருக்கு அடியில் விட்டு இரண்டு பேர் இழுத்தால் உருண்டு மேலே வந்துவிடுவார். துறைமுகத்தில், நீந்தத் தெரிந்த ஒருவரை ஜாக்கெட்டோடு இறக்கிச் செய்துபாருங்கள்.

ஜாக்கெட் விஷயம்: பருமனானதைப் போட்டுக்கொண்டு வெயிலில் வலை இழுக்க முடியாது என்பது நியாயமான புகார்தான். மெல்லிய வேலை ஜாக்கெட் வாங்குங்கள். ராத்திரி மேல்தளத்துக்கு வருபவர் கட்டாயம் போட வேண்டும் என்று டிரைவரையே சொல்லச் சொல்லுங்கள். முதலாளி கரையிலிருந்து சொன்னால் எடுபடாது.

மீன் அறையை விட்டுவிடாதீர்கள். கழிவு மீன் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு சேரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. உள்ளே மயங்கியவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து சாவது இதில் வழக்கம். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது உதவாது. மூடியைத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே இறங்க வேண்டும், இடுப்பில் கயிறு, மேலே ஒரு ஆள். மயங்கினால் கயிற்றை இழுங்கள், யாரும் இறங்கக் கூடாது.

வின்ச் (வலைக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) பக்கம் தொங்கும் கைலியோ துண்டோ வேண்டாம். அவ்வளவுதான்.

வி.எச்.எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலில் ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பை மூன்று முறை சொல்லி, படகுப் பெயர், இருக்கும் இடம், எத்தனை பேர் என்று சொல்ல எட்டுப் பேருக்கும் தெரிய வேண்டும். டிரைவரே விழுந்துவிட்டால் யார் பேசுவது? இஸ்ரோ உருவாக்கிய அபாய எச்சரிக்கைக் கருவி படகில் இருந்தால் எங்கே, எப்படி அழுத்துவது என்று காட்டுங்கள், ஆனால் பழகுவதற்காக அழுத்திவிடாதீர்கள். கடலோரக் காவல்படை எண் 1554. செல்போன் சிக்னல் கிடைக்கும் தூரத்தில் மட்டும் பயன்படும்.

முறையான வகுப்பு வேண்டுமானால் உங்கள் ஊர் மீன்வளத் துறை அலுவலகத்திலும் மீன்வளப் பல்கலைக்கழகத்திலும் விசாரியுங்கள். நடுவில் புது ஆள் சேர்ந்தால் கயிறு அவிழ்க்குமுன் ஜாக்கெட், லைஃப் பாய், வி.எச்.எஃப், வலைத் துண்டு இருக்கும் இடங்களை டிரைவர் காட்டிவிட வேண்டும். பத்து நிமிட வேலை.