நல்ல ஆடியோ சாதனம் வாங்கினால் பாட்டு கேட்கும் சுகம் கூடுமா, குறையுமா?

கேள்வி கேட்டவர் 40,000 ரூபாய்க்கு ஒரு ஹெட்போனும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கப் பார்க்கிறார். "வாங்கிப் பார், அப்புறம் பழைய பாட்டெல்லாம் சப்பென்று ஆகிவிடும்" என்று நண்பர் பயமுறுத்துகிறாராம். நண்பர் சொன்னது எனக்கு அப்படியே நடந்தது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் சரியாக இருக்காது.

கரூர் பக்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு டூ இன் ஒன், அதாவது ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டி, இருந்தது. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்தது. நான் நாலாவது படிக்கும்போது வலது பக்க ஸ்பீக்கர் செத்துவிட்டது. சரிசெய்யச் சொல்லி அப்பாவிடம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. "பாட்டு கேக்குதில்ல? அப்புறமென்ன?" என்பார். அவ்வளவுதான். அடுத்த பத்து வருடம் எங்கள் வீட்டில் பாட்டு இடது பக்கம் மட்டும்தான் பாடியது.

கேசட் கடையில் வாங்குவது அபூர்வம். கடைவீதியில் பதிவு செய்து தருகிற ஒரு கடை உண்டு. பாட்டுகளை முழுத்தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். 60 நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டு பிடிக்கும். கடைக்காரர் பட்டியலை மேலிருந்து கீழே பார்ப்பார், "இதுக்கு அடுத்து இது வரக்கூடாது தம்பி" என்று அம்புக்குறி போட்டு வரிசையை மாற்றுவார். காசு நம்முடையது, ரசனை அவருடையது. இன்றைக்கும் சில பாட்டுகள் முடியும்போது, அவர் போட்ட வரிசைப்படி அடுத்த பாட்டின் முதல் நோட் என் தலைக்குள் தானாக வந்துவிடும்.

2008-ல் சென்னைக்கு வேலைக்கு வந்து, மூன்றாவது சம்பளத்தில் ஒரு நல்ல இயர்போன் வாங்கினேன். அன்றிரவு மேன்ஷன் அறையில் படுத்துக்கொண்டு, சின்ன வயதில் நூறு தடவையாவது கேட்ட ஒரு எண்பதுகளின் டூயட்டைப் போட்டேன். முதல் சரணம் முடிந்து இடையிசை வந்தது. வலது காதில் ஒரு புல்லாங்குழல்.

எனக்குத் தெரிந்து அந்தப் பாட்டில் புல்லாங்குழலே கிடையாது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பத்து வருடமாக அடுத்த வீட்டில் குடியிருந்தவர் அன்றைக்குத்தான் கதவைத் தட்டிப் பேர் சொன்ன மாதிரி இருந்தது. அந்தக் காலத்து ஸ்டீரியோ பதிவுகளில் ஒரு வாத்தியத்தை முழுக்க ஒரு பக்கமாகத் தள்ளி வைப்பது சகஜம். பாடுகிறவர் குரலை நடுவில் வைப்பார்கள், அதாவது இரண்டு பக்கமும் சமமாக வரும். அதனால்தான் எங்கள் வீட்டில் "பாட்டு கேட்டது". குழல் மட்டும் அந்தச் செத்த ஸ்பீக்கருக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

அந்த ஒரு மாதம் நான் தூங்கியது குறைவு. தெரிந்த பாட்டையெல்லாம் புதிதாகக் கேட்டேன். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கித்தார் தனியாக ஒரு பாட்டு பாடிக்கொண்டு போகும் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போதுதான் அது என்ன பாடுகிறது என்று கேட்டது. பேஸ் கித்தாரின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. கைக்கடக்கமான ரேடியோ ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. ஆனாலும் சின்ன ரேடியோவில் கேட்கும்போது பேஸே இல்லை என்று நமக்குத் தோன்றுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அந்த நோட்டின் மேல் அடுக்குகள், 82, 123, 164 என்று இரட்டிப்பும் மும்மடங்குமாக இருப்பவை, ஓரளவு கேட்டால் போதும். அடியில் இருக்க வேண்டியதை மூளையே நிரப்பிக்கொள்ளும். பழைய டெலிபோன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாது, ஆண் குரலின் அடிநாதமோ 100, 120 பக்கம். போனில் பேசுகிற மாமாவின் குரல் அதனால் பெண் குரலாகிவிடுவதில்லையே.

ஆக, எங்கள் டூ இன் ஒன் காலத்தில் பாதிப் பாட்டு நான் போட்டது. நல்ல இயர்போனில் கேட்டபோது முழுதும் அவர்கள் போட்டது. இரண்டாவது நிச்சயம் மேல். "எல்லாம் மனசுதான், கருவியில் என்ன இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு தனி ஆவர்த்தனத்தை, அதாவது கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதியை, போன் ஸ்பீக்கரில் ஒரு தரம், சுமாரான இயர்போனில் ஒரு தரம் கேளுங்கள். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது ரவையைப் பிசைந்து ஒட்டியிருக்கும் இடது பக்கத்தில், உள்ளங்கையை அழுத்தித் தேய்க்கும்போது கும்மென்று ஒரு நாதம் வளைந்து மேலே ஏறும், கும்கி என்பார்கள். போன் ஸ்பீக்கரில் அது வெறும் 'டப்'. அங்கே பாதி வித்வானைத்தான் கேட்கிறீர்கள்.

இதோடு நின்றிருந்தால் நண்பரின் பயமுறுத்தலுக்கு இடமே இல்லை. நான் நிற்கவில்லை.

2014 வாக்கில் சென்ஹைசர் எச்டி 650 வாங்கினேன். அருமையான ஹெட்போன், இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. அதன் மின்தடை 300 ஓம். என் போனில் செருகினால் சத்தம் போதவில்லை. அதனால் ஆம்ப் வாங்கினேன். ஆம்ப் வந்தபின் டேக் எனப்படும் டிஜிட்டலை அனலாகாக மாற்றும் பெட்டி சரியில்லை என்று தோன்றியது. அதற்கப்புறம் கேபிள். கல்யாணத்துக்கு ஒரு பட்டு வேட்டி எடுத்தால் சட்டை, செருப்பு, வாட்ச் என்று போகும் அல்லவா, அந்தக் கதை.

அந்த நாலு வருடத்தில் நடந்த ஒன்று அப்போது எனக்குத் தெரியவில்லை. என் பாட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. நல்ல கருவி, நல்ல பதிவை எவ்வளவு அழகாகக் காட்டுமோ அவ்வளவு ஈவிரக்கமில்லாமல் மோசமான பதிவையும் காட்டும். கேசட்டிலிருந்து யாரோ இணையத்தில் ஏற்றிய பாட்டில் இரைச்சல் தெரிந்தது. அதை நீக்கினேன். சில பழைய பாட்டுகளை மறுபடி வெளியிடும்போது சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே உயரத்துக்கு நசுக்கிவிடுகிறார்கள். கேட்கப் பத்து நிமிடத்தில் காது அலுத்துவிடும். அவையும் போயின. கோவில் கச்சேரிகளில் யாரோ மடியில் ரெக்கார்டர் வைத்துப் பதிந்தவை மொத்தமாகப் போயின. கடைசியில் பன்னிரண்டு பாட்டு மிஞ்சியது. அந்தக் கேசட் கடைக்காரரின் கணக்கு, வேடிக்கைதான். ஆனால் அந்தப் பன்னிரண்டில் நான் உயிராக நினைத்த பாட்டு ஒன்றே ஒன்று. மற்றவை 'நன்றாகப் பதிவானவை'. மேற்கத்திய ஜாஸ் இரண்டு, யாரோ ஒரு பெண்மணி கித்தாரோடு பாடியது ஒன்று, இடி மாதிரி டிரம்ஸ் வரும் ஒன்று. டிரம்ஸ் என்றால் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அவற்றையும் முழுதாகக் கேட்கவில்லை. பல்லவியில் நிறுத்துவேன், கேபிளை மாற்றுவேன், மறுபடி பல்லவி. என் மனைவி ஒரு நாள் சமையலறையிலிருந்து, "ஒரு பாட்டையாவது சரணம் வரைக்கும் விடுங்களேன், கேக்கறவங்களுக்குப் பாவமா இருக்கு" என்றாள். ஹெட்போனில்தானே கேட்கிறேன், இவளுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தால், நான் கூடவே வாய்விட்டுப் பாடுவேனாம். பல்லவியை மட்டும் இருபது தடவை.

அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு கடைக்கு இரண்டு ஆம்ப்களை ஒப்பிட்டுக் கேட்கப் போனேன். விலை கூடின ஆம்ப்பில் பாட்டு விரிந்து, நிறைந்து, உயிரோடு கேட்டது. வாங்கிவிடுவது என்று பர்ஸைத் தொட்டபோது என்னமோ தோன்றி, போனில் சத்தம் அளக்கும் செயலியை ஹெட்போன் பக்கத்தில் பிடித்தேன். விலை கூடினது 3 டெசிபெல் அதிகமாக ஒலித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று சொல்ல முடியாது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடிச்சத்தத்தைச் சரியாகப் பிடிக்காது, கூட்டக் கூட்டத்தான் அது மேலே வரும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் 1933-லேயே இதை அளந்து வரைபடம் போட்டிருக்கிறார்கள். பழைய ஆம்ப்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருக்குமே, அது இதற்காகத்தான். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேட்டேன். ஒரே ஆம்ப்பை இரண்டு பெட்டியில் போட்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து இன்னொன்றும் செய்தேன். ஒரே பாட்டை இழப்பில்லாத ஃப்ளாக் கோப்பாகவும், சுருக்கிய 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆகவும் வைத்துக்கொண்டு, மகளிடம் லேப்டாப்பைக் கொடுத்து, திரையை எனக்குக் காட்டாமல் அவள் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். எது ஓடுகிறது என்று நான் சொல்லச் சொல்ல, நோட்டில் கோடு போட்டு மதிப்பெண் எழுதினாள். 16 தடவையில் 9 சரி. குறைந்தது 12 சரியாக வந்தால்தான் குருட்டு அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். "அப்பா ஜஸ்ட் பாஸ்" என்றாள். அதுகூட இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை. எனக்குத் துணையாக ஒரு ஆய்வு உண்டு: மேயரும் மோரனும் 2007-ல் வெளியிட்டது. உயர்தரப் பதிவை நேராக ஒரு தரம், நடுவில் சிடி தரத்துக்கு இறக்கி ஒரு தரம் என்று கேட்க வைத்தார்கள். 554 முயற்சியில் 276 சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். காது ஏமாறும் என்று தெரிந்தபிறகும் ஏமாறுவதில் ஒரு சுகம் இருந்தது, இன்னும் ஒரு வருடம் போனேன். நிறுத்தியது அப்பா.

2019 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து, போனை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்து, நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் கேட்டுக்கொண்டிருந்தார். 78 சுழற்சி இசைத்தட்டிலிருந்து எடுத்தது. ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான் ஓடும், அதற்குள் தோடியை எழுப்பி நிறுத்தியிருப்பார். அப்பாவின் கண் கலங்கியிருந்தது. நான் அதே பதிவை என் ஹெட்போனில் முன்பே கேட்டு, கொரகொர சத்தம் தாங்காமல் நீக்கியவன்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அந்த டம்ளரிலிருந்து நாகஸ்வரம் கணீரென்று வந்தது. யோசித்துப் பார்த்தால் இதில் மாயம் எதுவும் இல்லை. அந்தத் தட்டில் அடியில் கிடக்கும் உறுமலை எச்டி 650 பொறுப்பாக எடுத்துக் கொடுக்கும். போன் ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. நாகஸ்வரத்தின் வீறு முழுதும் நடு அலைவரிசைக்கு மேலே இருக்கிறது, போனுக்குத் தெரிந்த ஒரே ஊர் அதுதான். சல்லடைக் கண் சரியாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் நான் நீக்கிய கோப்புகளின் பட்டியல் அன்றைக்குத்தான் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. பாட்டு கேட்பதற்காகக் கருவி வாங்கினவன், கருவிக்குப் பிடிக்காத பாட்டையெல்லாம் வீட்டை விட்டு அனுப்பியிருக்கிறேன்.

அப்பாவிடம் ஹெட்போனைக் கொடுத்தும் பார்த்தேன். போட்டுக்கொண்டு அரை நிமிடம் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா காது வேர்க்குது" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

சரி, உங்கள் 40,000-க்கு வருகிறேன். இரண்டாயிரம், மூவாயிரத்துக்குக் கிடைக்கும் சீன இயர்போன்கள் இன்று என் முதல் இயர்போனை விட நன்றாக இருக்கின்றன. முதலில் அதில் ஒன்றை வாங்கி ஆறு மாதம் கேளுங்கள். போதவில்லை என்று தோன்றினால் ஹெட்போனுக்குச் செலவழியுங்கள், ஆம்ப்பும் டேக்கும் கடைசி. கேபிளுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஸ்பீக்கர் வாங்குவதாக இருந்தால், அறைதான் பாதி ஸ்பீக்கர். நம் ஊர் 10-க்கு 12 அடி அறையில் 56 ஹெர்ட்ஸிலும் 47 ஹெர்ட்ஸிலும் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் தேங்கி நிற்கும். அந்த நோட்டு வரும்போது மட்டும் பீரோ நடுங்கும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, எதிரே கனத்த திரையோ புத்தக அலமாரியோ வைத்துப் பாருங்கள். காசில்லாமல் கிடைக்கிற முன்னேற்றம் அது. அப்புறம், எந்தப் பாட்டையும் நீக்காதீர்கள்.

நான் ஆம்ப்பையும் டேக்கையும் விற்றுவிட்டேன். வீட்டில் இப்போது ஒரு பழைய ஸ்டீரியோ ரிசீவர், இரண்டு ஸ்பீக்கர். அந்தப் புல்லாங்குழல் டூயட்டை வாரத்துக்கு ஒரு தடவையாவது போடுகிறோம். மகளுக்கு அந்தக் குழல் வரும் இடம்தான் பிடிக்கும். அவள் பள்ளிக்கூடம் போனபிறகு நான் தனியாகக் கேட்கும்போது, ரிசீவரில் பேலன்ஸ் குமிழை இடது பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டுக் கேட்பேன்.