பதில்: இரண்டு துறைகளின் தரவுத்தளங்களை இணைப்பது பற்றி

வணக்கம். இரண்டு துறைகளின் பழைய மென்பொருள்களை வெப் சர்வீஸ் (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் வலைப்பின்னல் வழியாகத் தரவு கேட்டுப் பெறும் வழி) மூலம் இணைத்துவிட்டீர்கள், ஒன்று கேட்டால் மற்றது பதிலும் தருகிறது, ஆனால் முகவரிகள் மட்டும் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு இணைப்பில் இல்லை, ஒரே விவரத்துக்கு இரு துறைகளும் கொள்ளும் பொருளில் இருக்கிறது.

ஆம்பூரையே பாருங்கள். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது அது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. ஒரு துறையில் இன்னும் 'வேலூர்', மற்றதில் 'திருப்பத்தூர்' என்று இருக்கும். போதாக்குறைக்கு சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் உண்டு. பெயரை வைத்து ஒப்பிட்டால் எந்த நிரலாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் எல்ஜிடி (உள்ளாட்சி அடைவு, Local Government Directory) குறியீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் இருக்கிறது. பழைய பதிவுகளை ஒருமுறை உட்கார்ந்து அந்த எண்களோடு பொருத்துங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் குறுக்குவழி கிடையாது.

அப்புறம், 'குடும்பம்' என்ற சொல்லுக்கு இரு துறைகளும் என்ன பொருள் கொள்கின்றன என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரே ரேஷன் அட்டையில் இருப்பவர்களா, ஒரே வீட்டில் வசிப்பவர்களா? இதை அதிகாரிகள்தான் முடிவு செய்ய வேண்டும், நிரலாளர் அல்ல.

இரு துறைத் தரவையும் ஒரே தரவுத்தளத்தில் கொட்டும் யோசனை இருந்தால் அதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். எஸ்தோனியா 2001-ல் தொடங்கிய எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பில் தரவு அந்தந்தத் துறையிலேயே இருக்கிறது. கேள்வியும் பதிலும் மட்டும் மின்னணு முறையில் கையொப்பமிடப்பட்டுப் போய்வருகின்றன, பதிவும் ஆகின்றன.