மங்கு அவருக்கு, சோதனை உங்களுக்கு

கேள்வி: என் மனைவிக்கு வயது 36. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு கிரீம் வாங்கிக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது. மங்கும் முன்னைவிடக் கருப்பாக வருகிறது. தை மாதம் மச்சினன் கல்யாணம். அதற்குள் சரியாக, பக்கவிளைவு இல்லாத நல்ல கிரீம் ஒன்றின் பெயர் சொல்லவும். வெயிலால்தான் கூடுகிறது என்கிறார்களே, ஏற்காட்டில் எஸ்டேட்டில் இருக்கும் என் அக்கா வீட்டில் இரண்டு மாதம் தங்க வைக்கலாமா? (எனக்கும் பின்கழுத்து கருத்துத்தான் கிடக்கிறது. ஆம்பளைக்கு என்ன என்று விட்டுவிட்டேன்.)
பெயர் வேண்டாம், சூரமங்கலம், சேலம்-5

பதில்: கிரீம் பெயர் சொல்ல மாட்டேன். முதல் கிரீமுக்கும் இப்படி யாரோ ஒருவர்தான் பெயர் சொன்னார். அதன் பலனை உங்கள் வீட்டம்மாவின் கன்னம் அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

அந்த ட்யூபை எடுத்து, பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்று இரண்டு மருந்துகள் இருக்கும். கூடவே மொமெட்டசோன் என்றோ ஃப்ளூசினோலோன் என்றோ மூன்றாவதாக ஒன்று இருந்தால், ஆள் அதுதான். அது ஸ்டீராய்டு. நான் ட்யூபைப் பார்க்கவில்லை, நான் டாக்டரும் இல்லை. ஆனால் மூன்று வாரத்தில் பளபளப்பு, நிறுத்தினால் எரிச்சல், முன்னைவிடக் கருப்பு என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, தோல் டாக்டர்கள் தினமும் கேட்கும் கதை.

ஸ்டீராய்டு பூசினால் தோலுக்கு அடியில் உள்ள சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழற்சி அடங்கும். முகம் வெளுத்த மாதிரி தெரியும். நாளாக ஆகத் தோல் மெலிந்துபோகும். பூசுவதை விட்டதும் சுருங்கிக் கிடந்த குழாய்கள் ஒரேயடியாக விரியும். அதுதான் அந்தச் சிவப்பும் எரிச்சலும். சிலருக்குக் கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு ஓடும், பரு கிளம்பும், பூனைமுடி அடர்த்தியாகும். இதில் கொடுமை, எரிச்சல் தாங்காமல் திரும்பவும் அதையே எடுத்துப் பூசத் தோன்றும். ட்யூப் மேல் ட்யூபாக விற்பது இப்படித்தான்.

மருந்தின் மேல் பழி இல்லை. இந்த மூன்றையும் சேர்க்கும் முறை 1975-லேயே அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் கொண்டுவந்தது. இன்றைக்கும் டாக்டர்கள் எழுதுகிறார்கள்: இத்தனை வாரம், இரவில் மட்டும், இவ்வளவுதான் என்று கணக்கோடு. அந்தக் கணக்கு கடை கவுன்ட்டரில் கிடைக்காது. பூச்சு ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்தது. சீட்டு கேட்காமல் கொடுத்த கடைக்காரர் மேல் தப்பு. சீட்டு இல்லாமல் போய்க் கேட்ட உங்கள் மேலும்தான். ஹைட்ரோகுயினோனையும் வருஷக் கணக்கில் பூசினால் நீலமும் கருப்பும் கலந்த ஒரு நிறம் தோலில் தங்கிவிடும். மங்காவது வெளுக்கும், அதைப் போக்குவது குதிரைக்கொம்பு.

ஆகவே கிரீம் மாற்றுவது வழி இல்லை. பழையதை எப்படி விடுவது, சட்டென்றா, படிப்படியாகவா என்பதைத் தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். குழந்தை இன்னும் தாய்ப்பால் குடிக்கிறதா, கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கர்ப்பகால ஹார்மோன் கிளப்பிவிடும் மங்கை அந்த மாத்திரையும் கிளப்பும். ஜாதிக்காயை இழைத்துப் பூசு, எலுமிச்சை தேய் என்று யோசனை சொல்ல வீட்டுக்கு வீடு ஆள் உண்டு. நம் மாநிறத் தோலை எரியவிட்டால், எரிந்த இடம் கருக்கும். லேசரும் முதல் வேலை இல்லை. அந்தச் சூட்டிலேயே கருத்துப்போன முகங்கள் உண்டு.

இப்போது ஏற்காடு. குளிர்ந்தால் வெயில் இல்லை என்று யார் சொன்னது? மங்கைக் கிளப்புவதில் பெரிய பங்கு புற ஊதாக் கதிருக்கு. அதற்குச் சூடும் குளிரும் தெரியாது. 1,000 மீட்டர் ஏறினால் அது சுமார் 10 சதவீதம் கூடும். சேலம் 300 மீட்டருக்குள், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய மேகமும் மூடுபனியும் அதைப் பெரிதாகத் தடுக்காது. உறைக்காத வெயிலில் யாரும் குடை பிடிப்பதில்லை என்பதுதான் மலையில் வம்பே. சில்வர் ஓக் நிழலில் உட்கார்ந்திருந்தால் சரி. ஆனால் மார்கழி, தை என்றால் காப்பிப் பழம் பறிக்கும் பருவம். களத்தில் கொட்டையைப் பரப்பிக் கிளறிவிட வீட்டுக்கு வந்த தம்பி பெண்டாட்டியைத்தானே கூப்பிடுவார்கள்? திறந்த வெளி, தலைக்கு மேல் உச்சி வெயில், கீழே சிமெண்ட் தரை. அக்கா வீட்டுக்குத் தாராளமாக அனுப்புங்கள், வைத்தியத்துக்காக வேண்டாம்.

எந்த ஊரில் இருந்தாலும் சன்ஸ்கிரீன் தான் அடித்தளம். எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாமல், புற ஊதா ஏ கதிரையும் தடுப்பதாக இருக்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். பொட்டு வைப்பது போலத் தொட்டுக்கொண்டால் போதாது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் இதற்கு இன்னும் நல்லது. பஸ் ஜன்னல் கண்ணாடி ஏ கதிரை விட்டுவிடும். அடுப்புச் சூட்டுக்கும் ஒரு பங்கு உண்டு, அதனால் தோசைக் கல் முன்னால் நீங்களும் கொஞ்சம் நிற்கலாம்.

இத்தனையும் செய்தால் மாதக்கணக்கில் மெல்ல வெளுக்கும். தைக்குள் ஆகாது. ஆகாவிட்டால் என்ன? மங்கு வலிக்காது, தொற்றாது, உடம்பை எதுவும் செய்யாது. இத்தனை நீளக் கடிதத்தில் உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. கன்னத்தோடு வந்து கல்யாணத்தில் நிற்பதில் அவருக்குக் கஷ்டமா, கூட நிற்கும் உங்களுக்கா?

அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கினீர்களே உங்கள் கழுத்து, எனக்குக் கவலை அதில்தான். தொட்டால் வெல்வெட் மாதிரித் தடிப்பாக இருக்கிறதா? அக்குளிலும் அப்படியா? சின்னச் சின்ன மருக்கள் தொங்குகின்றனவா? பீர்க்கங்காய் நாரால் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது, ஏனென்றால் அழுக்கே இல்லை. உடம்பு இன்சுலினுக்கு மசியாமல் போனால் ரத்தத்தில் இன்சுலின் கூடும். அது தோல் செல்களைத் தூண்டித் தடிக்க வைக்கும். சர்க்கரை நோய் வருவதற்குப் பல வருஷம் முன்பே கழுத்தில் இப்படி எழுதிக் காட்டுவது உண்டு. எடையும் இடுப்பும் குறைந்தால் அதுவும் வெளுக்கும். கழுத்துக்கென்று கிரீம் தேடிப் போகாதீர்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் தோல் பிரிவும் இருக்கிறது, ரத்தம் சோதிக்கவும் வசதி இருக்கிறது. இரண்டு ஓ.பி. சீட்டு போடுங்கள்: அவருக்குத் தோலுக்கு, உங்களுக்குச் சர்க்கரைக்கு. ஹெச்பிஏ1சி சோதனையையும் கேளுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அதில் தெரியும். ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். ஃபாஸ்டிங் சர்க்கரைக்கு வெறும் வயிறு வேண்டும், அன்றைக்குக் காலைக் காப்பி கிடையாது.