முதலாளி தந்த கொன்யாக் என்ன விலை போகும்?

கேள்வி: பாரிஸில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் நீண்ட காலம் வேலை செய்தேன். வயதாகிக் கடையை மூடியபோது முதலாளி நிலவறையில் இருந்த மூன்று கொன்யாக் (பிரெஞ்சு பிராந்தி) போத்தல்களை எனக்குத் தந்தார். ஒன்று ரெமி மார்ட்டின் லூயி 13, பெட்டியோடு இருக்கிறது. இன்னொன்றில் '1811 நெப்போலியன்' என்று போட்டிருக்கிறது. மூன்றாவதில் 'கிராந் ஷாம்பாஞ் 1914' என்று கையால் எழுதிய துண்டு மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. இன்னும் பத்து வருஷம் வைத்திருந்தால் விலை கூடுமா? எங்கே விற்பது?
- பெயர் வேண்டாம், லா சப்பல்

பதில்: தம்பி, விற்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் முதலாளியைப் போய்ப் பாருங்கள். அந்த 1914 போத்தலை எந்த ஊரில், யாரிடம், எப்போது வாங்கினார், எப்போது போத்தலில் அடைத்தது என்று அவர் கைப்பட ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரட்டும். பழைய ரசீது இருந்தால் கேட்டு வாங்குங்கள். லண்டனில் ஏலத்துக்கு வரும் மதுபானங்களைப் பதிவு செய்யும் வேலையில் இருந்தவன் நான். நல்ல போத்தல்கள் இப்படி ஒரு கடிதம் இல்லாததால் பாதி விலைக்குப் போனதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஏனென்றால் கொன்யாக்கின் வயது ஓக் பீப்பாயில் இருக்கும்வரைதான் ஏறும். போத்தலில் அடைத்த அன்றே அது நின்றுவிடும். கிராந் ஷாம்பாஞ் என்பது கொன்யாக் வட்டாரத்தில் திராட்சை விளையும் ஒரு பகுதி; 1914 என்பது அந்தத் திராட்சை பறித்த வருஷம். 1920-இல் போத்தலில் அடைத்திருந்தால் உள்ளே இருப்பது ஆறு வருஷச் சரக்கு. 1964-இல் அடைத்திருந்தால் ஐம்பது வருஷச் சரக்கு. எழுதியிருக்கும் வருஷம் ஒன்றே, விலை மலையும் மடுவுமாக இருக்கும். கார்பன் சோதனை செய்தால் 1950களின் அணுகுண்டுச் சோதனைகளுக்கு முந்திய திராட்சையா, பிந்தியதா என்று தெரியும். ஆனால் எப்போது போத்தலில் அடைத்தார்கள் என்று அது சொல்லாது. அதை உங்கள் முதலாளிதான் சொல்ல முடியும்.

2020-இல் சோதபீஸ் ஏலத்தில் 1762-ஆம் ஆண்டின் கோத்தியே கொன்யாக் ஒரு போத்தல் 1,18,580 பிரிட்டிஷ் பவுண்டுக்குப் போனது. 1870களில் கொன்யாக் வட்டாரத்தில் வேலை செய்த ஒருவர் கூலியாகக் கொண்டுவந்தது என்று அந்தக் குடும்பம் சொல்லிவந்தது. தலைமுறை தலைமுறையாக வீடு மாறாமல் இருந்த போத்தல் அது. உங்கள் கதையும் ஏறக்குறைய அதுதானே!

1811 போத்தலில் மனதை வைக்காதீர்கள். வால்நட்சத்திரம் தெரிந்த வருஷம், நெப்போலியனுக்கு மகன் பிறந்த வருஷம் என்பதால் அந்த எண்ணைப் பிற்காலத்தில் எத்தனையோ போத்தல்களில் ஒட்டி விற்றார்கள். விவரம் தெரிந்த யாரும் அதை 1811 என்று நம்பி விலை கேட்கமாட்டார்கள். பழைய அலங்காரப் போத்தல் என்ற அளவில் ஒரு தொகை கிடைக்கும், அவ்வளவுதான்.

லூயி 13 நிச்சயம் நல்ல விலை போகும். இன்று கடையில் புதியது 3,000 யூரோவுக்கு மேல். அதன் ஒவ்வொரு கண்ணாடிக் குடுவைக்கும் தனி எண் உண்டு. அதைப் படம் எடுத்து வையுங்கள். பெட்டி, மூடி, உள்ளே இருக்கும் அட்டை எதையும் எறிய வேண்டாம். வெறும் குடுவைக்கே விலை இருப்பதால் வேறு சரக்கை ஊற்றி விற்பவர்களும் உண்டு. வாங்குபவர் முதலில் முத்திரையைத்தான் பார்ப்பார்.

இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, 1914 போத்தலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சரக்கின் மட்டம் கழுத்தில் இருந்தால் மிக நல்லது, தோளில் இருந்தால் பரவாயில்லை. அதற்கும் கீழே என்றால் தக்கை வழியாக ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. பத்து வருஷம் காத்திருக்கும் பேச்சே வேண்டாம். சாராயம் தக்கையை அரிக்கும் என்பதால் போத்தலை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். லேபிளில் ஈரத்துணி படவே கூடாது. அந்தத் தூசியும் கறையும் உங்கள் பக்கத்துச் சாட்சிகள்.

விற்பனைக்கு பாரிஸில் உள்ள த்ரூவோ ஏல மண்டபத்தின் பக்கம் போங்கள். அங்கே ஏலம் நடத்துபவர்கள் பொதுவாக இலவசமாகவே மதிப்பிட்டுத் தருவார்கள். இரண்டு மூன்று பேரிடமாவது காட்டுங்கள். விற்பவரிடம் எத்தனை சதவீதம் பிடிப்பார்கள், காப்புறுதி யார் பொறுப்பு, விலை போகாவிட்டால் கட்டணம் உண்டா, எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். குறைந்தபட்ச விலை ஒன்றை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே கட்டாகப் போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஹென்னஸி எக்ஸ்.ஓ. கொன்யாக் இருபது வருஷமாக பீரோவில் படுத்துக் கிடக்கிறது. சென்னையில் விற்கலாமா?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: கூடாது. தமிழ்நாட்டில் தனி ஆள் மது விற்பது குற்றம். சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில்தான் இருக்கிறது. போத்தலை இன்றே நிமிர்த்தி வையுங்கள். தக்கை கெடாமல் இருந்தால் அடுத்த முறை மாமா வரும்போது அவரோடு சேர்ந்தே திறக்கலாம்.