டி.சி. வேண்டும் என்று நீங்களாக எழுதித் தராதீர்கள்

கேள்வி: என் மகன் தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வயது 14. கணக்கு டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது செல்போனில் வீடியோ எடுத்து, சினிமா வசனம் சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். மறுநாளே நீக்கிவிட்டோம். ஆனாலும் மூன்று நாளாக அவனை வராந்தாவில் நிற்க வைத்திருக்கிறார்கள். "சொந்தக் காரணத்துக்காக டி.சி. வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் நடத்தை சரியில்லை என்று போட்டுக் கொடுப்போம், போலீசுக்கும் போவோம்" என்கிறார் தாளாளர். நவம்பர் மாதத்தில் எந்தப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்?
– ஒரு தாய், திருப்பூர் மாவட்டம்

பதில்: சகோதரி, அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பள்ளி ஏன் உங்கள் கையால் எழுதிக் கேட்கிறது? ஒரு மாணவனை நீக்கினால் ஏன் நீக்கினோம், என்ன விசாரித்தோம் என்று பள்ளி பதில் சொல்ல வேண்டிவரும். பெற்றோரே கேட்டு வாங்கிப் போனதாகக் கடிதம் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. நாளைக்கு நீங்கள் கல்வி அலுவலரிடம் போய் நின்றால், அவர் மேசைக்கு முதலில் வருவது உங்கள் கையெழுத்துதான். டி.சி. போட்டவுடன், மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பையனின் பெயர் அந்தப் பள்ளியிலிருந்து விலகி 'காமன் பூல்' என்கிற பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். அதன் பிறகு திரும்ப உள்ளே வருவது பெரும் பாடு. ஏற்கெனவே மிரட்டலில் எழுதிக் கொடுத்திருந்தால், இன்றே "வற்புறுத்தலின் பேரில் கொடுத்தேன், திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதி அனுப்புங்கள்.

உங்கள் மகன் எட்டாவது படித்திருந்தால் என் பதில் இரண்டு வரியில் முடிந்திருக்கும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 16-இன்படி எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. 2019-இல் அந்தப் பிரிவைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் ஃபெயில் போட வழி செய்தார்கள். நீக்கக் கூடாது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் பள்ளிக்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும், பையனையும் உங்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், தவறின் அளவுக்குத்தான் தண்டனை இருக்க வேண்டும். தாளாளர் அறையில் பத்து நிமிடம் திட்டிவிட்டு அனுப்புவது விசாரணை ஆகாது.

ஆசிரியர்களிடம் தவறாக நடக்கும் மாணவர்களை டி.சி. கொடுத்து நிரந்தரமாக நீக்குவோம், சான்றிதழில் காரணத்தையும் எழுதுவோம் என்று 2022 மே மாதம் பள்ளிக் கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். உங்கள் பள்ளி அதை எடுத்துக் காட்டலாம். அந்த அறிவிப்பை வைத்துக்கொண்டு விசாரிக்காமலே நீக்கிவிட முடியாது.

'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று டி.சி.யில் ஒரு வரி இருக்கிறது. அடுத்த பள்ளிக்காரர்கள் அதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். அதை வைத்து மிரட்டுவதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். கட்டண பாக்கி போன்றவற்றை டி.சி.யில் எழுதக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கு கட்டணம் பற்றியதுதான். ஆனாலும் பிள்ளையின் மீது களங்கம் விழக் கூடாது என்ற அதன் காரணம் உங்கள் மகனுக்கும் பொருந்தும் என்றே வாதாடலாம்.

போலீஸ் என்றதும் பயந்திருப்பீர்கள். 18 வயதுக்குக் கீழே என்பதால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம்தான் பொருந்தும். கொடிய குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாத வரை, சிறார் மீது எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது; காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிந்து, குடும்பச் சூழல் பற்றி அறிக்கை தயாரிக்க வேண்டும் என்கின்றன விதிகள். லாக்கப்பில் வைக்கவே முடியாது. ஆனால் ஒன்றை நேராகக் கேட்கிறேன்: சேர்த்த வசனம் வெறும் கேலியா, ஆபாசமா? ஆபாசம் என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 67 வரும், விஷயம் கனமாகிவிடும். என்னிடம் எழுதியதில் அது தெளிவாக இல்லை. வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த டீச்சரையும் நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளை நம்பித்தானே முதுகைக் காட்டிக்கொண்டு போர்டில் எழுதுகிறார்? அவர் எவ்வளவு கூனிக்குறுகிப் போயிருப்பார். மகனை அழைத்துப்போய் நேரில் மன்னிப்புக் கேட்க வையுங்கள். மன்னிப்பை எழுத்தில் தரச் சொன்னால் செய்ததை மட்டும் எழுதட்டும். "எந்த நடவடிக்கைக்கும் சம்மதிக்கிறேன்" என்ற வரியைச் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வராந்தாவில் நிற்க வைப்பது உடனே நிற்க வேண்டும். தன் பொறுப்பில் இருக்கும் சிறுவருக்குத் தேவையற்ற உடல், மன வேதனை தருவது அதே சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 75-இல் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இதைச் சொல்லிச் சண்டைக்குப் போக வேண்டாம். பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் தேதியோடு குறிப்பிட்டாலே போதும்.

அந்தக் கடிதத்தைத் தலைமையாசிரியர் பெயருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மகன் செய்தது தவறு, மன்னிப்புக் கேட்டுவிட்டோம், கவுன்சிலிங்குக்கும் தயார், வகுப்பில் உட்கார விடுங்கள், மேல் நடவடிக்கை இருந்தால் குற்றச்சாட்டை எழுத்தில் தந்து விசாரியுங்கள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் மனுக் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களிலும் சொல்லலாம். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே பள்ளி இறங்கி வந்துவிடும். வராவிட்டால், உரிமை மீறப்படும்போது உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளி என்பதாலேயே ரிட் தொடுக்க முடியாது என்று சொல்ல முடியாது. 2012-இல் ரமேஷ் அலுவாலியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அது ஊழியர் ஒருவரின் வழக்கு என்றாலும் மாணவர் விஷயத்தில் வாதம் இன்னும் வலுவாகவே நிற்கும்.

மகனுக்கே அங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றால் மாற்றுவதில் தப்பில்லை. ஆனால் முதலில் வேறு பள்ளியில், அரசுப் பள்ளியாக இருந்தாலும் சரி, இடத்தை உறுதி செய்துவிட்டு டி.சி. கேளுங்கள். கையில் வாங்கியதும் அந்த ஒழுக்கம், பண்பு வரியைப் படித்துப் பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுங்கள்.